பஷ்தோ கத்துக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

#1 நாமக்கல் லாரி

எல்லாருக்கும் வணக்கம். சார்ஜா தொழிற்பேட்டையில லாரி உதிரிபாகக் கடை ஒண்ணுல கணக்கு எழுதறேன். ஆறு வருஷம் ஆச்சு. கடைக்கு வர்ற டிரைவருங்கள்ல முக்கால்வாசிப் பேர் பட்டாண்கள், அதாவது பஷ்தோ பேசற பஷ்தூன்கள். பெஷாவர், சுவாத், வஜீரிஸ்தான்னு ஊர் சொல்வாங்க, ஒரே ஒரு பெரியவர் மட்டும் கந்தஹார். இத்தனை நாளா அரைகுறை உருதுல ஓட்டிட்டேன், அவங்களுக்கும் அது சொந்த மொழி இல்ல, எனக்கும் இல்ல.

போன மாசம் ஒரு சின்ன விஷயம். அந்தக் கந்தஹார் பெரியவர் டயர் இறக்கிட்டு இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. உள்ள வந்த ஒரு பையன் அவரைப் பாத்து "ஸ்தடை ம ஷே"ன்னான். இவரு உடனே "ஃக்வார் ம ஷே"ன்னாரு. அர்த்தம் கேட்டேன். "களைச்சுப் போகாம இரு", "சீரழியாம இரு". அவங்களுக்கு இது நம்ம வணக்கம் மாதிரி, தினம் நூறு தடவை சொல்றது. அன்னையிலிருந்து இந்த மொழி மேல ஒரு ஆசை.

டுவோலிங்கோவுல தேடினேன், பஷ்தோ இல்ல. பேச்சு முதல்லயா, எழுத்து முதல்லயா? பெஷாவர் பேச்சா, கந்தஹார் பேச்சா? அப்புறம் "பஷ்தூன்வாலி"ன்னு அவங்களுக்கு ஒரு சட்டதிட்டம் இருக்காமே, அதையும் யாராவது சொல்லுங்க.

எழுதறப்போ தொண்டையிலிருந்து வர்ற க-வுக்கு ஃக, ஆங்கில இசட் ஒலிக்கு ஃஜ போட்டிருக்கேன். வேற வழி தெரியல.

#2 சுரும்பு

நல்ல ஆசை. மொழியியல் படித்தவள் என்ற முறையில் முதலில் வாயைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வாய் ஏற்கெனவே பாதி பஷ்தோ வாய்.

பாரசீகத்தில் ட, ண கிடையாது. பஷ்தோவில் ட, ட-வின் அழுத்தமான வடிவம், ண, எல்லாம் உண்டு. "ஸ்தடை" என்பதில் வருகிற ட நாம் "படம்" என்று சொல்லும்போது நாக்கு ஒரு தட்டுத் தட்டி விலகுகிறதே, ஏறக்குறைய அதேதான். ஐரோப்பியர்கள் இந்த ஒலிக்கு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். ஆப்பிளுக்குப் பஷ்தோவில் "மண". மணமாலையில் வருகிற அதே மண.

நமக்கு இடிக்கும் இடம் வேறு. சொல்லின் முதலில் மெய்கள் கொத்தாக வரும். இதயம் "ஃஜ்ட". என்னுடைய என்பது "ஃஜ்மா", உன்னுடைய என்பது "ஸ்தா". இஸ்கூல், இஸ்டேஷன் என்று முன்னால் ஒரு இகரம் போட்டுப் பழகிய நாக்கு "இஸ்தா" என்றுதான் சொல்லும். அதை விட்டுவிட முயலுங்கள்.

இது இரானியக் கிளை மொழி, அதிலும் கிழக்குப் பிரிவு. பாரசீகத்தின் தம்பி இல்லை, ஒன்றுவிட்ட சகோதரன். பழைய த ஒலிகள் பல இடங்களில் ல ஆகிவிட்டன. பாரசீகத்தில் கை "தஸ்த்", பஷ்தோவில் "லாஸ்". பத்து நமக்குத் தெரிந்த "தச", அங்கே "லஸ்". பாரசீகத்தில் பார்ப்பது "தீதன்", இங்கே "லீதல்". மகள் பாரசீகத்தில் "துஃக்தர்", பஷ்தோவில் "லூர்". அப்பா "ப்லார்". இந்த ல விளையாட்டு பிடிபட்டால் உருது வழியாக நீங்கள் அறிந்த பாரசீகச் சொற்கள் சில முகமூடி போட்டு வருவது தெரியும்.

#3 சாலைக்காரன்

தம்பி, நான் ஆப்கானிஸ்தான்ல ஜரஞ்ஜ் – டெலாராம் சாலை வேலையில இருந்தவன். இந்தியா போட்டுக்கொடுத்து 2009 ஜனவரியில ஒப்படைச்ச ரோடு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல. அங்க கேட்டது தெற்குப் பேச்சு. அதனால அனுபவத்துல சொல்றேன்: உங்க கடைக்கு யார் அதிகம் வர்றாங்களோ அவங்க பேச்சைப் பிடிங்க. உங்களுக்கு அது பெஷாவர்.

ரெண்டு பேச்சுக்கும் நடுவுல ஒரு எழுத்துதான் பெரிய வில்லன். தெற்கே அதை ஷ-ன்னு படிப்பாங்க, பெஷாவர்ல ஃக-ன்னு படிப்பாங்க. பஷ்தோ – பக்தோ, பஷ்தூன் – பக்தூன் எல்லாம் அந்த ஒரே எழுத்தோட வேலை. பொம்பளைக்குத் தெற்கே "ஷஜ", பெஷாவர்ல "ஃகஃஜ". எழுதினா ரெண்டும் ஒண்ணு. இன்னொரு எழுத்து இருக்கு, அது வந்தா தாடி பெஷாவர்ல "கீர" ஆகும், கந்தஹார்ல அந்த க இருக்கிற இடத்துல "டெலிவிஷன்"ல வர்ற மாதிரி ஒரு ஒலி.

நான் டெலாராம்ல எட்டு மாசம் பாடுபட்டு நூறு வாக்கியம் கத்துக்கிட்டேன். கிழக்கே நங்கர்ஹார் பக்கத்துக் காவலாளி ஒருத்தன் புதுசா வந்தான். அவன் பேசினது ஒண்ணும் புரியல. நான் பேசினது அவனுக்கு நல்லாப் புரிஞ்சுது, ஆனா விழுந்து விழுந்து சிரிச்சான். சென்னையில போய் நாகர்கோவில் தமிழ் பேசின வெள்ளைக்காரன் மாதிரி இருந்திருக்கும் போல.

எழுத்தைத் தள்ளிப்போடாதீங்க. அரபி எழுத்துதான், நாற்பதுக்கு மேல எழுத்து. ட, ண மாதிரி ஒலிகளுக்கு எழுத்துக்கு அடியில குட்டியா ஒரு வளையம் போடுவாங்க. உருது படிச்சவனுக்கும் அந்த வளையம் புதுசு.

#4 சேப்பாக்கம் கேட்

பஷ்தோவும் தமிழும் ஒரே குடும்பம்னு எங்கயோ படிச்சேனே? பலுசிஸ்தான்ல இன்னும் தமிழ் பேசறாங்களாம்.

#5 சுரும்பு

அது பிராகுயி. திராவிட மொழிதான், ஆனால் தமிழ் அல்ல. கலாத் பக்கமும் ஆப்கானிஸ்தானின் தென்கோடியிலும் பேசுகிறார்கள். குவெட்டா கடைத்தெருவில் பிராகுயிக்காரரும் பஷ்தூனும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்கலாம், அதனால் மொழிகள் உறவாகிவிடாது.

#6 நாமக்கல் லாரி

சுரும்பு அக்கா, சாலைக்கார அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. அங்க நன்றிக்கு "மனன". பையன்கிட்ட தினம் ரெண்டு வாக்கியம் எழுதி வாங்கறேன். ஒரு இடத்துல மண்டை காயுது.

"ஃஜ மண ஃகோரம்", நான் ஆப்பிள் சாப்பிடறேன். எழுவாய், செயப்படுபொருள், வினை, அப்படியே நம்ம வரிசை. ஜாலியா இருந்துச்சு. நேத்து சாப்பிட்டேன்னு சொல்லணும்னா "மா மண வுஃக்வட"ங்கறான். நான்ங்கற "ஃஜ" எங்க போச்சு? ஆப்பிளுக்குப் பதிலா கபாப்னா "மா கபாப் வுஃகோட்"ங்கறான். சாப்பிட்டது நான், கபாப் மாறினா வினை ஏன் மாறுது?

#7 சுரும்பு

இதுதான் பஷ்தோவின் நடு முதுகெலும்பு. இறந்தகாலத்தில் செயப்படுபொருள் குன்றா வினை வந்தால், வினை செய்தவனைப் பார்க்காது, செய்யப்பட்ட பொருளைப் பார்க்கும். மண பெண்பால், அதனால் "வுஃக்வட". கபாப் ஆண்பால், அதனால் "வுஃகோட்". செய்தவன் "ஃஜ" என்ற நேர்வடிவத்தை விட்டு "மா" என்ற சாய்வடிவத்துக்குப் போய்விடுவான்.

இந்தி தெரிந்தவர்களுக்கு "மைனே ரோட்டீ காயீ" நினைவுக்கு வரும். அதே கதை. நம் ஊர் தக்னி உருதுவில் அந்த "நே" பெரும்பாலும் வராது, அதனால் ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்களிடம் கேட்டால் உதவாது.

பாடநூல்கள் இதை "என்னால் ஆப்பிள் தின்னப்பட்டது" என்று விளக்கும். அப்படி மனத்தில் பதிக்காதீர்கள். அது செயப்பாட்டு வினை அல்ல, பேசுகிறவர்களுக்குச் சாதாரண "சாப்பிட்டேன்"தான். இன்னொன்று: சிரிப்பது, அழுவது போன்ற வினைகளும் இறந்தகாலத்தில் இதே வேலையைச் செய்யும். "மா வுஃகந்தல்", நான் சிரித்தேன். எதைச் சிரித்தேன் என்று பொருளே இல்லாதபோதும் "மா"தான்.

#8 ஹம்பர்க் மாமா

நான் யாழ்ப்பாணத்து ஆள், இஞ்ச ஹம்பர்க்கில முப்பது வருசம். சனிக்கிழமையில பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறன். இந்த நகரத்தில ஆப்கான் ஆக்கள் கன பேர். எங்கட மேல்வீட்டுக்காரர் பக்தியா பக்கம். அவரோட கதைச்சுக் கதைச்சு நான் கண்டுபிடிச்ச ஒரு விசயத்தைச் சொல்லாமல் இருக்க ஏலாது.

பஷ்தோவில வினைக்கு முன்னால மூண்டு சின்னச் சொல் ஒட்டும். "ரா" எண்டால் என்னை நோக்கி. "தர்" எண்டால் உன்னை நோக்கி. "வர்" எண்டால் அவனை நோக்கி. "ராக்ட" எண்டால் எனக்குத் தா. "வர்க்ட" எண்டால் அவனுக்குக் குடு. "ராஃஜம்" இஞ்ச வாறன், "தர்ஃஜம்" உன்னட்ட வாறன், "வர்ஃஜம்" அவனட்டப் போறன்.

இப்ப தொல்காப்பியத்தை எடுங்கோ. சொல்லதிகாரம், கிளவியாக்கம். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும். செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. நான் அவருக்கு இதைச் சொன்னனான். அவர் தேத்தண்ணியை வச்சிட்டு, "உங்கட ஆக்களுக்கும் ஆர், ஆரட்ட எண்டது முக்கியம்" எண்டார். ஆங்கிலத்திலயும் ஜெர்மனிலயும் பஷ்தோ இலக்கணம் எழுதின ஆக்கள் இந்த மூண்டுக்கும் பக்கம் பக்கமாய் விளக்கம் எழுதுவினம். எங்களுக்கு "தா, குடு" எண்டு ரெண்டு சொல்லுக் காணும்.

#9 சுரும்பு

மாமா, இதை நான் யோசித்ததே இல்லை. ஆனால் "தர்" என்பதும் நம் "தரு" என்பதும் ஒன்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அது தற்செயல். சென்னைப் பேச்சில் "எனக்குக் குடு" வந்து இந்த வேறுபாட்டை நாங்கள் பாதி தொலைத்துவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

#10 சாலைக்காரன்

பஷ்தூன்வாலி பத்தி தம்பி கேட்டாரே. இணையத்துல தேடினா பத்து கட்டளை மாதிரி ஒரு பட்டியல் வரும். அதை மனப்பாடம் பண்றதுல பிரயோஜனம் இல்ல. எந்தப் பஷ்தூனும் பட்டியல் பாத்து வாழல. மூணு சொல்லைப் பிடிச்சுக்கிட்டா மீதி தானா வரும்.

ஒண்ணு "மெல்மஸ்தியா". மெல்மன்னா விருந்தாளி. டீ ஊத்த ஆரம்பிச்சா கோப்பையைக் கவிழ்த்து வைக்கிற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருப்பாங்க. எனக்கு இது தெரியாம முதல் வீட்ல பதினோரு கோப்பை "ஷின் சாய்" குடிச்சேன், பச்சைத் தேநீர். ஷின்னா பச்சை, நீலம் ரெண்டும். வானமும் ஷின், தேயிலையும் ஷின். கூடவே சர்க்கரை பூசின பாதாம் தட்டு.

அடுத்தது "நனவாத்தே". நேர் அர்த்தம் "உள்ள போறது". தப்புப் பண்ணினவன் எதிராளி வீட்டுக்கே போய், ஆட்டையோ எதையோ கொண்டுபோய், மன்னிப்புக் கேட்டு நிக்கிறது. வந்து நின்னவனைத் திருப்பி அனுப்பறது வீட்டுக்காரனுக்கு அவமானம். அடைக்கலம் கேட்டு வந்தாலும் அதே சொல்தான்.

மூணாவது "பதல்". இங்கிலீஷ் புத்தகம் எல்லாம் இதைப் பழிவாங்கல்னு போடும். அது பாதிதான்.

#11 ஹம்பர்க் மாமா

"பதல்" எண்டது எங்கட "பதில்" தான்! அரபிச் சொல். உருது வழியாத் தமிழுக்கு வந்தது, பஷ்தோவுக்கும் போனது. "பதிலுக்குப் பதில்" எண்டு சொல்லேக்க என்ன அர்த்தம்? செய்த நன்மைக்கும் பதில், செய்த கெடுதிக்கும் பதில், ஒண்டுக்கு மாத்தா இன்னொண்டு. பஷ்தோவிலயும் அப்பிடித்தான். ஒருத்தரின்ர தங்கச்சியைக் கட்டி, தன்ர தங்கச்சியை அவருக்குக் கட்டிக் குடுக்கிற மாத்துக் கலியாணத்துக்கும் ஆப்கானிஸ்தானில "பதல்" எண்டுதான் பேர்.

#12 நாமக்கல் லாரி

எங்க ஊர்ப் பக்கமும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறது உண்டு. அப்போ பதல்னா பழின்னு மட்டும் எழுதறவங்க அந்தப் பாதியை விட்டுட்டாங்க. பெஷாவர்ப் பையன் ஒரு பழமொழி சொன்னான்: நூறு வருஷம் கழிச்சுப் பதல் எடுத்த பஷ்தூன், அவசரப்பட்டுட்டேனேன்னு சொன்னானாம். சொல்லிட்டு அவனே சிரிச்சான்.

இன்னொரு சொல்லும் கேட்டேன், "தர்பூர்". பெரியப்பா சித்தப்பா பையன். ஆனா அவன் அதைச் சொல்றப்போ முகம் மாறுச்சு. பெரியவர் பக்கத்துல இருந்து "தர்பூர்னா எதிரி"ன்னாரு.

#13 சாலைக்காரன்

அதேதான். பங்காளி. தாத்தன் சொத்து, நிலம், தண்ணிமுறை, ஊர்ல பேரு, எல்லாத்துக்கும் போட்டி தர்பூரோடதான். அந்தப் போட்டிக்கே "தர்பூர்வாலி"ன்னு தனிச்சொல் இருக்கு. நம்ம பங்காளிச் சண்டை மாதிரி. அதே தர்பூர், வெளியாள் வந்து மோதினா தோளோட தோள் நிப்பான். "ஃகேல்"னு பேருக்குப் பின்னாடி வருதே, அது நம்ம மதுரைப் பக்க "வகையறா". யூசுஃப்ஃஜை, அச்சக்ஃஜைன்னு வர்றதுல "ஃஜை"ன்னா வழிவந்தவங்க, மகனுக்கான "ஃஜோய்" சொல்லோட உறவு. இந்த வழிமுறை தெரியாம அங்க யார்கூடவும் பேச்சு நகராது.

#14 பூரணி

பங்காளி ஒப்பீடு அழகா இருக்கு, ஆனா ஒரு இடத்துல உடையுது. நம்மிடத்துல பங்காளியோட தங்கை நமக்கும் தங்கை. கட்டிக்கவே முடியாது, அதுக்கு மாமன் மச்சான் தனி. பஷ்தூன்கள்ல பெரியப்பா சித்தப்பா மகளைக் கட்டறது சாதாரணம். அதனால அங்க தர்பூர் போட்டியாளன், மைத்துனன், மாமனார் வீட்டு ஆள், எல்லாம் ஒரே ஆளா இருக்கலாம். அந்தச் சிக்கலை "பங்காளி"ன்னு ஒரு சொல்லுல மூடிட்டா நாம புரிஞ்சிக்கிட்டதா நினைச்சுட்டு நகர்ந்துடுவோம்.

இன்னொரு விஷயம். இவ்வளவு நேரம் விருந்து, மன்னிப்பு, கணக்குத் தீர்க்கிறது எல்லாம் பேசினீங்க. டீ ஊத்தினது ஆண்கள், குடிச்சது ஆண்கள். அந்த டீயைப் போட்டது யாரு? ஹுஜ்ராங்கற விருந்தினர் கூடம் ஆண்களுக்கானது. பகை தீர்க்க ஒரு வீட்டுப் பெண்ணை எதிர் வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் இருக்கு, பாகிஸ்தான் பக்கம் "ஸ்வரா", ஆப்கானிஸ்தான்ல "பத்". பாகிஸ்தான்ல சட்டப்படி குற்றம். அப்படியும் செய்தி வந்துட்டுத்தான் இருக்கு. பதல் அழகான சொல்னு கொண்டாடறப்போ, சில சமயம் அந்தப் பதில் ஒரு சின்னப் பொண்ணுங்கறதையும் எழுதுங்க.

#15 சாலைக்காரன்

சரிதாம்மா. எட்டு மாசத்துல ஒரு வீட்டுப் பெண் குரல்கூட நான் கேட்டதில்ல. நான் பாத்தது பாதி உலகம். மறுக்கல.

#16 சுரும்பு

பூரணி சொன்னதற்கு ஒரு சேர்க்கை. அந்த மறு பாதியின் குரல் கேட்க வேண்டுமானால் "லண்டை" கேளுங்கள். இரண்டே அடி. முதலடியில் 9 அசை, இரண்டாவதில் 13. இரண்டாம் அடி பெரும்பாலும் "ம" அல்லது "ன" ஒலியில் முடியும். யார் கட்டினார் என்ற பெயர் இருக்காது, பெரும்பாலும் பெண்கள். தண்ணீர் எடுக்கும் இடத்திலும் கல்யாண வீட்டிலும் பாடுவது. லண்டை என்றால் குட்டையான விஷப் பாம்பு. பெயர் பொருத்தம்தான்: கிழட்டுக் கணவனைக் கிண்டல் செய்வது, போருக்குப் போகப் பயந்தவனைக் குத்துவது, காதலனை இரவில் வரச்சொல்வது, எல்லாம் அந்த இருபத்திரண்டு அசைக்குள் நடக்கும். குறளுக்குப் பழகிய காதுக்கு அளவு புதிதில்லை.

ஆங்கிலேயருக்கு எதிரான 1880 மைவந்த் போரில் ஒரு லண்டை பாடிப் படையைத் திருப்பியதாக மக்கள் சொல்லும் மலாலையின் பெயர்தான் சுவாத்தில் பிறந்த மலாலா யூசுஃப்ஃஜைக்கு வைத்தது. இப்போது ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்பைத் தாண்டிப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. பஷ்தோவைத் தாய்மொழியாகக் கொண்ட பெண்களில் எத்தனை பேர் அதை எழுதப் படிக்க முடியும் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

#17 சேப்பாக்கம் கேட்

இவ்ளோ சீரியஸா போயிடுச்சே. 2023 அக்டோபர் 23, சேப்பாக்கத்துல ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை எட்டு விக்கெட்ல அடிச்சப்போ நான் ஸ்டேடியத்துல இருந்தேன். 283 அடிக்கணும். மொத்தக் கூட்டமும் ஆப்கான் பக்கம். குர்பாஸ், ஜத்ரான்னு கத்தினோம். அது குடும்பப் பேரா?

#18 சாலைக்காரன்

இனக்குழுப் பேர். ரெண்டும் கோஸ்ட், பக்தியா பக்கம். அன்னைக்கு நீங்க ரெண்டு வகையறாவைக் கூப்பிட்டு விசில் அடிச்சிருக்கீங்க.

#19 ஹம்பர்க் மாமா

எங்கட தலைமுறைக்குப் பஷ்தூன் எண்டால் முதல் நினைவு எல்லைக் காந்திதான். அப்துல் கஃபார் கான், ஆயுதமில்லாத செஞ்சட்டைப் படை, 1930 ஏப்ரலில பெஷாவர் கிஸ்ஸா ஃக்வானி கடைத்தெருவில வெள்ளைக்காரர் அவையள் மேல நடத்தின துப்பாக்கிச் சூடு. பதல் எண்டால் பழி எண்டு எழுதுற ஆக்கள் அதே மக்களிட்ட இருந்து அப்பிடி ஒரு படை வந்ததுக்கும் விளக்கம் சொல்லவேணும். அவற்ற மகன் கனி கான் பஷ்தோவில பெரிய கவிஞர். மேல்வீட்டுக்காரர் அவற்ற பாட்டைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பார்.

#20 சுரும்பு

லாரி, கேள்வியின் நடைமுறைப் பக்கத்துக்கு வருகிறேன். பிபிசி பஷ்தோ செய்தியைத் தினம் பத்து நிமிடம் புரியாவிட்டாலும் கேளுங்கள், அதில் இரண்டு பேச்சும் வரும். ராவர்ட்டி என்ற ஆங்கிலேய அதிகாரி 1860-இல் போட்ட அகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. பழையது, ஆனால் கிராமத்துச் சொற்கள் நிறைய. கூகுள் மொழிபெயர்ப்பில் பஷ்தோ உண்டு. ஒற்றைச் சொல்லுக்குச் சரி, வாக்கியத்துக்கு நம்ப வேண்டாம்.

எழுத்தில் ஐந்து விதமான "யே" இருக்கும். குழப்பமாகத் தெரியும், ஆனால் உங்களுக்குப் பிடித்த அந்த வணக்கத்திலேயே அதன் பயன் இருக்கிறது. ஆணிடம் "ஸ்தடை ம ஷே". பெண்ணிடம் "ஸ்தடே ம ஷே". கடைசி எழுத்து ஒரு யே-யிலிருந்து இன்னொரு யே-க்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

#21 நாமக்கல் லாரி

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் டேர மனன.

நேத்து நடந்தது. வஜீரிஸ்தான் டிரைவர் ஒருத்தர், பில்லும் வண்டிச் சாவியும் கையில வச்சிட்டு நிக்கிறாரு. பில்லை வாங்கி முத்திரை குத்தணும். உருது வேண்டாம்னு முடிவு பண்ணி, தைரியமா "வர்க்ட"ன்னேன். அவரு என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு. பக்கத்துல பெட்டி அடுக்கிட்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கிட்ட பில்லையும் சாவியையும் சேத்து நீட்டிட்டாரு. பையன் வாங்கிட்டு வண்டியை எடுக்கப் போயிட்டான், அவனுக்கு லைசென்ஸே கிடையாது. நான் பின்னாடியே ஓடறேன்.

திரும்பி வந்தப்போ டிரைவர் என் கையைப் பிடிச்சு என் நெஞ்சுப் பக்கம் தட்டி "ரா, ரா"ன்னாரு. அப்புறம் பையனைக் காட்டி "வர்"ன்னாரு. கந்தஹார் பெரியவர் மூலையில உக்காந்துக்கிட்டு இடுப்பு வலியோட சிரிச்சாரு.

#22 ஹம்பர்க் மாமா

"தா" எண்டு கேக்கிற இடத்தில "அவனுக்குக் குடு" எண்டு சொல்லியிருக்கிறீர். எங்கட சனிக்கிழமை வகுப்பில ஜெர்மனியில பிறந்த பிள்ளைகளும் இதே பிழைதான் விடுகினம், "எனக்குக் குடுங்கோ" எண்டு.

அந்தப் பெரியவரின்ர இடுப்புக்கு என்ன செய்தனீங்கள்?